சிறுதேர்ப் பருவம்

தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது எது என்று எவரேனும் வினவினால், பிள்ளைத்தமிழ் என்றே விடை கூறுவேன். தாம் போற்றும் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடும் இவ்விலக்கியத்தை இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் உவந்து ஏற்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீதும் பிள்ளைத்தமிழ் பாடினர் என்பதை நம் மாணவர்கள் அறிவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் காப்புப் பருவம் முதலாக எண்ணிவரின் பத்தாவதாக அமைவது சிறுதேர்ப் பருவம். குழந்தை தன் சின்னஞ்சிறு தேரை உருட்டி விளையாடும் பருவம் அது.

பிள்ளைத்தமிழில் தொடங்கிய இக்கட்டுரை ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நிகழ்ச்சியினுள் புகப்போகிறது என்றால் பெரியோர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஆயினும் பொருத்தம் இல்லாமல் இல்லை. பி.பி.சி. நிறுவனத்தின் ‘டாப் கியர்’ என்னும் மோட்டார் ஊர்தி நிகழ்ச்சியில் நான் மிகவும் விரும்புவது அதன் பத்தாம் பருவத்தையே. முற்றும் வளர்ந்த மூன்று ஆடவர் சிறுதேர் உருட்டி விளையாடும் பருவம் அது எனின் மிகையாகாது.

பத்தாம் பருவத்தின் இயல்பு

‘டாப் கியர்’ முதன்முதல் 1977ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டு புத்துருப் பெற்று, ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்டு ஹேமண்ட், ஜேம்ஸ் மே ஆகிய மூவரால் உலகெங்கும் புகழெய்தியது. அதன் பத்தாம் பருவம் 2007ஆம் ஆண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பத்துப் பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. நான் அதனைச் சில ஆண்டுகள் கழித்தே கண்டேன். என் தமக்கை மகன் குறுந்தகடுகளில் கொண்டுவந்து காட்டினான்.

மற்றப் பருவங்களில் வேகமும் விலையும் மேலோங்கி நிற்கும். இப்பருவத்திலோ தோல்வி மேலோங்கி நிற்கிறது. இதுவே நான் அதனை விரும்புவதற்கு முதற்காரணம். இலண்டன் மாநகரின் மேற்கே கியூ பகுதியிலிருந்து கிழக்கேயுள்ள விமான நிலையம்வரை ஒரு போட்டி நடைபெறுகிறது. ஒருவர் மிதிவண்டியில் செல்கிறார். ஒருவர் தேம்சு ஆற்றில் விசைப்படகில் விரைகிறார். மற்றொருவர் பேருந்தும் இரயிலும் மாறி மாறிச் செல்கிறார். நான்காமவர் விலையுயர்ந்த காரில் புறப்படுகிறார். மிதிவண்டி முதலில் வந்தது. கார் கடைசியில் வந்தது. காரின் பெருமை பாடுவதற்கென்றே தோன்றிய நிகழ்ச்சி, காரே பிந்தியது என்பதைத் தன் வாயாலேயே கூறிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில் புதுவை மகாத்மா காந்தி வீதியைக் காரில் கடக்க முயன்றவர்களுக்கு இம்முடிவில் வியப்பொன்றும் இராது.

அதே பருவத்தில் போட்சுவானா நாட்டைக் குறுக்காகக் கடக்கும் பயணமும் உண்டு. மலிவு விலையில் வாங்கிய மூன்று பழைய கார்கள். அவை காட்டுவழிக்கென அமைந்தவை அல்ல. உப்புப் படிந்த பெருவெளியைக் கடக்கும்போது மேற்பரப்பு உடைந்து வண்டி புதையாதிருக்க, கிளார்க்சனும் மேயும் தத்தம் கார்களின் கதவு, கண்ணாடி முதலியவற்றைக் கழற்றி எறிந்து பாரம் குறைக்கின்றனர். ஹேமண்ட் மட்டும் தம் 1963ஆம் ஆண்டு ஓப்பல் காடெட் காரில் கைவைக்க மறுக்கிறார். அதற்கு ‘ஒலிவர்’ என்று பெயரும் சூட்டிவிட்டார். பின்னர் ஓர் ஆற்றைக் கடக்கையில் அவ்வூர்தி நீரில் மூழ்குகிறது. அதனை மீட்டு, உலர்த்தி, பழுது நீக்கி மீண்டும் ஓடச் செய்கின்றனர். மூன்று கார்களும் நமீபிய எல்லையை அடைகின்றன. ஹேமண்ட் 2006 செப்டம்பரில் நேர்ந்த பெரும் விபத்தில் மூளையில் அடிபட்டு மீண்டவர் என்பதை நினைவிற்கொண்டு பார்த்தால், பழைய வண்டி ஒன்றை அவர் அத்துணைப் பரிவுடன் பேணியதன் உள்ளுணர்வு விளங்கும்.

வண்டலூரில் பிறந்த தேர்கள்

இரண்டாம் காரணம் நம் மண்ணைச் சார்ந்தது. இப்பருவத்தின் பகுதி ஒன்றில் மூவரும் நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்திகளைத் தாமே உருவாக்கி, டோவர் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கரையை அடைய முயல்கின்றனர். ஜேம்ஸ் மே அதற்குத் தேர்ந்துகொண்டது டிரையம்ப் ஹெரால்டு என்னும் பழைய கார். அதன்மேல் பாய்மரம் கட்டினார். ஆனால் அவ்வூர்தி கால்வாயைக் கடக்கவில்லை. இறுதியில் கிளார்க்சனின் ஊர்தியிலேயே மூவரும் ஏறிக் கரை சேர்ந்தனர்.

அந்த ஹெரால்டு நமக்கு அயலன்று. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலொட்டி வரைந்து, 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த அக்காரை, 1961ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் பெயரில் உருவாக்கிற்று. பின்னாளில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டையும் இந்தியாவுக்கென்றே அந்நிறுவனம் படைத்தது. அம்பாசிடர், பியட் ஆகியவற்றோடு நம் சாலைகளில் ஓடிய மூன்றாவது கார் அது.

மற்றொரு பகுதியில் மூவரும் பிரிட்டிஷ் லேலண்டு நிறுவனத்தின் பழைய கார்களை வாங்கிச் சோதனைக்கு உட்படுத்துகின்றனர். கிளார்க்சன் கொணர்ந்தது ரோவர் எஸ்.டி.1. கரடுமுரடான பாதையில் ஓட்டுவோரின் தலைக்குமேல் முட்டைகளை வைத்துச் சோதித்த நகைச்சுவையை மறத்தல் இயலாது. 1977ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதைப் பெற்றது அந்த ரோவர். அதன் உடலமைப்பே 1985ஆம் ஆண்டு வண்டலூரிலிருந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெயரில் வெளிவந்தது. புறத்தோற்றம் புதியது; உள்ளே இருந்ததோ 1940களில் பிறந்த வேங்கார்டு காரின் வழிவந்த 2 லிட்டர் எஞ்சின். விலையும் மிகுதி, எரிபொருட் செலவும் மிகுதி. மக்கள் ஏற்கவில்லை. 1988ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆகவே இலண்டன் நிகழ்ச்சி ஒன்றின் ஒரே பருவத்தில் வண்டலூரின் தொடக்கமும் முடிவும் அடுத்தடுத்துக் காட்சியளிக்கின்றன. இங்கிலாந்தில் லேலண்டு என்னும் பெயர் பழம்பெருமையாகவும் நகைப்புக்குரியதாகவும் ஆகிவிட்டது. எண்ணூரிலோ, 1948ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி 1955ஆம் ஆண்டு அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனம் இன்றும் வாழ்கிறது. புதுவைப் பேருந்து நிலையத்தில் நின்று அப்பெயரைத் தேடுபவர்க்கு அது பல பேருந்துகளின் முகப்பில் கிடைக்கும். தாய்வீட்டில் மறைந்த பெயரைப் புகுந்த வீடு காத்து வருகிறது.

அத்தாவும் ஹெரால்டும்

மூன்றாம் காரணம் என் வீட்டைச் சார்ந்தது. என் அத்தா புதுவை முல்லா வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பயின்றவர் அல்லர். ஆயினும் நீண்ட திருப்புளியின் ஒரு முனையை எஞ்சின்மீது ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டு, உள்ளே எது தேய்ந்துள்ளது என்று சொல்லிவிடுவார். ஹெரால்டு வந்தால் அவருக்குத் தனி மகிழ்ச்சி. அக்காரின் முன்பகுதி முழுவதும், இருபுற மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின்மீதே அமர்ந்து வேலை செய்யலாம். ‘வேல செய்யிறவன நெனச்சு ஒருத்தன் கட்டுன வண்டி’ என்பார்.

அத்தா கூறியதன் பொருளைப் பிற்காலத்தில் வகுப்பறையில்தான் முழுமையாக உணர்ந்தேன். ஹெரால்டின் உடற்பகுதிகள் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டப்பெற்ற ஒரே கூடு அல்ல. தனியான அடிச்சட்டத்தின்மீது போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டவை. ஆதலால் பெட்டிகளில் அடைத்து அயல்நாட்டுக்கு அனுப்பவும், அங்கே மீண்டும் பொருத்தவும், பழுதுபட்ட உறுப்பை மட்டும் மாற்றவும் எளிது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபதத்தைப் பிரித்துக் காட்டும் நன்னூலாரின் கண்ணும் அத்தாவின் கண்ணும் ஒரே வகையின. சொல்லாயினும் வண்டியாயினும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனே அதனைக் காத்துத் தர வல்லவன். இன்றும் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும்போது கரும்பலகையில் முதலில் ஒரு ஹெரால்டை வரைந்துவிட்டே ‘நடந்தனன்’ என்னும் சொல்லுக்கு வருகிறேன்.

பாய்மரம் கட்டிய ஹெரால்டை அத்தாவுக்கும் காட்டினோம். அப்பொழுது பட்டறை மூடப்பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய கைகளும் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஆங்கிலம் அறியாத அவர், காட்சி முழுவதையும் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு, ‘பாயி கட்டுனதெல்லாம் சரிதான். கதவு இடுக்குல தண்ணி ஏறுமே. மொதல்ல அத அடைக்கணும்ல’ என்றார். ஒலிவர் ஆற்றில் மூழ்கி எழுந்த காட்சியை மட்டும் மீண்டும் போடச் சொன்னார். மெக்கானிக்குகள் இரவில் விளக்கொளியில் வேலை செய்வதைக் கண்டு, ‘அந்தப் புள்ளைங்களுக்கு யாராச்சும் டீ குடுத்தாங்களா?’ என்று கேட்டார். இன்று அவர் இல்லை. அந்த வினா மட்டும் என்னுள் இருக்கிறது. உலகமெல்லாம் ஓட்டியவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பழுது நீக்கியவரைப் பார்த்தார்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அவ்வினாவே. சேர்க்கை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும்போது, ‘தந்தையின் தொழில்’ என்னும் கட்டத்தில் மாணவர் ஒருவர் ‘சொந்தத் தொழில்’ என்று எழுதியிருந்தார். என்ன தொழில் என வினவினேன். சற்றே தயங்கி, ‘டூவீலர் மெக்கானிக், ஐயா’ என்றார் குரலைத் தாழ்த்தி. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் இரும்புக் கவசம் செய்து உண்டார்கள் என்று படித்து வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அத்தகைய சமுதாயத்தின் பிள்ளை, தந்தையின் கையிலுள்ள எண்ணெய்க் கறையைத் தாளில் மறைக்க வேண்டியிருக்கிறது. இதில் அப்பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. வளைகுடா நாட்டு ஊதியத்தையும் பிரெஞ்சு ஓய்வூதியத்தையும் திருமணப் பேச்சில் முன்னிறுத்தி, கைத்தொழிலைக் கடைசியில் வைத்துப் பேசும் நாமே அவருக்கு அத்தயக்கத்தைக் கற்பித்தோம்.

குறையும் நிறையும்

நான் போற்றும் நிகழ்ச்சி குறையற்றது என்று கூற வரவில்லை. அம்மூவரின் நகைச்சுவை பல இடங்களில் எல்லை கடந்ததுண்டு. 2011 டிசம்பரில் ஒளிபரப்பான அவர்களது இந்தியப் பயணப் பகுதி நம் மக்களின் பழக்கவழக்கங்களை எள்ளியது என, இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் முறையிட நேர்ந்தது. பிறரைப் பார்த்துச் சிரித்த பகுதி அது. 2007ஆம் ஆண்டின் பத்தாம் பருவத்தில் அவர்கள் பெரிதும் தங்களைப் பார்த்தே சிரித்தனர். மூழ்கிய தங்கள் படகையும், பிந்திய தங்கள் காரையும், மறைந்துபோன தங்கள் நாட்டுத் தொழிலையும் பார்த்துச் சிரித்தனர். இரு சிரிப்புக்கும் உள்ள வேற்றுமையை, நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கிடத்துப் பிறக்கும் என்று வகுத்த தொல்காப்பியம் பயின்ற மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முன்னது எள்ளலில் பிறந்தது; பின்னது இளமையில் பிறந்தது.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பட்டறை இருக்கும். அது தையற்பொறியைச் சீர்செய்யும் கடையாகவோ, பஞ்சர் ஒட்டும் இடமாகவோ, அச்சகமாகவோ இருக்கலாம். இவ்விடுமுறையில் ஒருநாள் அங்கே சென்று அமருங்கள். அங்குள்ள கருவிகளின் பெயர்களையும், வேலையின் நிலைகளைக் குறிக்கும் சொற்களையும் கேட்டு ஒரு சுவடியில் எழுதி வாருங்கள். அகராதியில் ஏறாத தமிழ் அங்கே நிரம்பக் கிடைக்கும். அத்தாவிடம் நான் கேட்டெழுதிய சொற்கள் 140. கேளாமல் விட்டவை எத்தனை என்று சொல்ல இனி ஆளில்லை. உங்கள் சுவடிகளைத் தமிழ்த்துறையில் தொகுத்து வைப்போம். செல்லும்போது, வேலை செய்பவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிச் செல்ல மறவாதீர்கள்.