பதினெட்டு உயிர் மிச்சமிருக்க

மார்கழி லீவுக்கு ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி பிள்ளையோடு வந்திருந்தாள். மருமகனுக்குப் பன்னிரண்டு வயது. மழை விடாமல் பெய்தது. புளியங்குளத்து வீட்டு விறாந்தையை விட்டு அவனால் எங்கும் போக முடியவில்லை. மூன்றாம் நாள் தன் பையிலிருந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்தான். எனக்குத் தெரிந்த கடதாசி விளையாட்டு முன்னூற்றி நாலு ஒன்றுதான். வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணிப் பழகியவனுக்கு அவனுடைய ‘மஜிக்: த கெதரிங்’ பிடிபட இரண்டு நாள் சென்றது.

ஆளுக்கு 20 உயிர். கையிலுள்ள தாள்களில் மிருகங்களும் பூதங்களும் இருக்கும். அவற்றை ஏவி எதிராளியின் உயிரைப் பூச்சியமாக்கினால் வெற்றி. இவ்வளவும் விளங்கிவிட்டது என்று நான் நினைத்த அன்றுதான் தோற்றேன்.

“மாமா, நீங்க செத்திட்டீங்க.”

என் பக்கத்தில் உயிர் 18 என்று காட்டும் வெள்ளை டைஸ் அப்படியே கிடந்தது. பதினெட்டு உயிர் மிச்சமிருக்க எப்படிச் சாகிறது? அவன் பக்கத்திலிருந்த பச்சை டைஸைக் காட்டினான். அது என் உடம்பில் ஏறிய நஞ்சாம். அவனுடைய சின்னப் பிராணி ஒன்று என்னை இரண்டு தரம் தொட்டது. ஒவ்வொரு தொடுகைக்கும் ஓர் உயிர் போனது. கூடவே நஞ்சு ஒன்று ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பிராணி என் பக்கம் வரவேயில்லை. வேறு தாள்களைப் போட்டு, ஏற்கெனவே ஏறியிருந்த நஞ்சை ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போனான். பத்தாவது ஏறியதும் ஆட்டம் முடிந்தது. உயிர் 18 என்ன, 100 இருந்தாலும் கணக்கில்லை.

“இதுக்கு மருந்து இல்லையோ?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. பொய்சனுக்கு மருந்து இல்லை. அதுதான் ரூல்.”

அந்தப் பதில் என்னை உறுத்தியது. என் அம்மப்பா விசக்கடிப் பரியாரியார். இதே விறாந்தையில்தான் கடிபட்டவர்களைக் கிடத்துவார்கள். பச்சை டைஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று திரும்பியபோது என் கண்ணுக்குள் வேறொன்று வந்தது. சாணி மெழுகிய தரையில், கடிபட்டவரின் தலைமாட்டில், அம்மப்பா ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகும் புளியங்கொட்டை வரிசை. எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். அந்தக் கொட்டைகள் எதற்கென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் நஞ்சைத்தான் எண்ணினாரா?

முதலில் விளையாட்டின் பக்கமிருந்து தேடினேன். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இந்த விளையாட்டு 1993 இல் வந்தது. அதில் நஞ்சு இல்லை. அடுத்த வருடம், 1994 ஜூனில் வெளியான ‘லெஜெண்ட்ஸ்’ தொகுப்பில்தான் முதன்முதலாக நஞ்சு வருகிறது. கொண்டு வந்தவை இரண்டு தாள்கள்: ஒரு குழித்தேள், பாம்புகளைப் பிறப்பிக்கும் ஓர் இயந்திரம். தேள் மிகவும் சோனி. ஒரு தரம் கொட்டினால் ஒரு நஞ்சு, பத்துத் தரம் கொட்டினால் சாவு. பத்துத் தரம் கொட்டும்வரை அதை ஆர் உயிரோடு விடப் போகிறார்கள்? அந்தத் தொகுப்பை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் கோனார்டும் ரொபின் ஹெர்பர்ட்டும். தாங்கள் ஆடிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் பாத்திரங்களையே தாள்களில் இறக்கியவர்கள். அந்தத் தாய் விளையாட்டு 1974 இல் வந்தது. அங்கே நஞ்சுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒரே ஒரு டைஸ் வீச்சு. தப்பினால் தப்பினாய், இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே, படிப்படியாக ஏறும் நஞ்சு 1994 இல்தான் இந்த விளையாட்டுக்குள் புகுந்தது. தொண்ணூறுகளின் நடுவில் இன்னும் சில பாம்புகளும் ஒரு நுளம்பும் வந்தன. பிறகு நஞ்சு மறைந்துபோய், 2007 இல்தான் திரும்பி வந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரத் தொடர்ந்து முயன்றவர் வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வோட்டர். 2010 இல் ‘இன்ஃபெக்ட்’ என்ற விதி வந்தது. அந்த வகைப் பிராணி அடித்தால் உயிர் குறையாது. அடியின் கனம் முழுவதும் நஞ்சாக ஏறும். அடுத்த வருடம் 11 பலமுள்ள ஓர் இரும்புப் பூதத்துக்கு அதே விதியைக் கொடுத்தார்கள். அது ஒரு தரம் தொட்டாலே ஆள் முடிந்தான். மருமகன் என்னைக் கொன்றது 2023 இல் வந்த ‘டொக்சிக்’ விதியால். அதில் உயிரும் குறையும், நஞ்சும் ஏறும்.

மருந்து ஏன் இல்லை? நஞ்சை இறக்க வழி வைத்தால் அது இன்னுமோர் உயிர்க்கணக்கு மாதிரி ஆகிவிடும், ஏறியது இறங்காது என்ற பயம்தான் அதன் சாரம் என்பது ரோஸ்வோட்டரின் எண்ணம். விளையாட்டாக யோசித்தால் அது சரிதான். மருமகனிடமிருந்த போக்கிமொன் கடதாசிகளிலும் நஞ்சு உண்டு. அங்கே ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 10 புள்ளி சேதம் ஏறும். ஆனால் நஞ்சேறிய பிராணியைப் பின்வரிசைக்கு இழுத்துவிட்டால் சுகமாகிவிடும். அதைக் கேட்டபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. நிஜமான நஞ்சு அவ்வளவு லேசில் போவதில்லை. இலங்கையில் ஆண்டுக்கு 80,000 பேருக்கு மேல் பாம்பு கடிக்கிறது என்று 2012–13 இல் நடந்த நாடளாவிய ஆய்வு கணக்கிட்டது. நாங்கள் ஏற்றும் எதிர்மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அங்குள்ள பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி எடுத்தது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குத் தெற்கே இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரின் கைகளால் கறக்கப்படுகிறது. நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் அது உதவும். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் மூக்கு நிமிர்ந்த சின்ன விரியன் இங்கே எத்தனையோ பேரைக் கடிக்கிறது. அதற்கு இந்த மருந்து கேட்காது. மருந்து இல்லாத நஞ்சு என்பது விளையாட்டில் மட்டும் உள்ளதல்ல.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் பழைய தாள்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒன்று கண்ணில் பட்டது. 1995 இல் வந்த ‘ஹோம்லாண்ட்ஸ்’ தொகுப்பில், ‘லீச்சஸ்’. ஒரு ஆளில் ஏறிய நஞ்சு முழுவதையும் அது எடுத்துவிடும். எடுக்கும் ஒவ்வொரு நஞ்சுக்கும் ஓர் உயிரும் போகும். ஏறிய நஞ்சை ஆட்டக்காரர் தன் உடம்பிலிருந்து இறக்கப் பல வருடங்களாக இருந்த தாள் அது ஒன்றுதான்.

அட்டை! அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அட்டைவிடல் எங்கள் வைத்தியம். கெட்ட இரத்தத்தை எடுக்க அட்டை கடிக்கவிடுவதை அம்மப்பா செய்து பார்த்திருக்கிறேன். சுசுருத சங்கிதை அட்டையில் பன்னிரண்டு வகை சொல்கிறது: நஞ்சுள்ளவை ஆறு, நஞ்சில்லாதவை ஆறு. அதைத் தேடி எடுத்த கையோடு நஞ்சுகளுக்கென்றே உள்ள கல்பஸ்தானத்தையும் புரட்டினேன். பாம்பு விசம் ஏழு வேகமாக ஏறுமாம். முதல் வேகத்தில் இரத்தம், இரண்டாவதில் தசை, மூன்றாவதில் கொழுப்பு. பிறகு வயிறு, எலும்பு, மச்சை, ஏழாவதில் சுக்கிலம். அங்கே வந்துவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். “ஓமோம், ரெண்டாம் வேகம், மூண்டாம் வேகம் எண்டு அப்பு சொல்லுவார்” என்றா.

எல்லாம் பொருந்திவிட்டது. ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு கொட்டை. மருமகன் பத்து எண்ணினான், அம்மப்பா ஏழு எண்ணினார். இதை உறுதிப்படுத்த உயிரோடிருந்தவர் ஒருவர்தான். அம்மப்பாவுக்கு மருந்து அரைத்துக் கொடுத்தவர், நெடுங்கேணி வீதியில் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அம்மப்பாவின் ஏடுகள் இடம்பெயர்வில் போனபிறகு, அந்த வைத்தியத்தில் மிச்சமிருப்பது அவர் தலைக்குள் மட்டும்தான்.

முதல் தரம் போனபோது, “வேகமோ? உதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி” என்றார். தேத்தண்ணி தந்தார். எருமை கன்று போட்ட கதையைச் சொன்னார். கன்று தலை திரும்பி வந்ததாம், அரை மணித்தியாலம் அந்தக் கதைதான். கிளம்பும்போது மறுபடி கேட்டேன். படலை வரை வந்து, “மழைக்கு முதல் போய்ச் சேரும்” என்றார்.

இரண்டாம் தரம், ஏழு வேகத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு முகம் இறுகிவிட்டது. “மந்திரம் கேட்டோ வந்தனீர்? அது சொன்னால் பலிக்காது. உம்மடை அம்மப்பாவுக்குக் கை அடிச்சுக் குடுத்தனான்.” மந்திரமில்லை, கொட்டை, புளியங்கொட்டை என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. அவருடைய வலது கைப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழவி பிடித்துப் பிடித்து நகம் ஒரு பக்கம் தடித்து, ஆமை ஓடு மாதிரி இருந்தது. அந்த விரலுக்குத் தெரிந்தது எனக்குக் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகும் விட மனம் வரவில்லை. படுத்தால் கொட்டை, எழும்பினால் கொட்டை.

மூன்றாம் தரம் கேட்பதற்கென்று போகவில்லை. மருமகன் எருமைக் கன்று பார்க்க வேண்டும் என்றான். கன்றைப் பார்த்து முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. திண்ணையில் அவனும் நானும் கடதாசி விரித்தோம். கிழவர் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை டைஸ் ஏறத் தொடங்கியது. நாலு, ஐந்து, ஆறு.

“உதென்ன உது, ஏறிக்கொண்டு போகுது?”

“தாத்தா, இது மாமாக்கு ஏறின பொய்சன்.”

“ஏறினால்?”

“பத்து வந்தா சாவார்.”

கிழவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே சொன்னார். “உன்ரை பூட்டன் வைச்ச கொட்டை ஏற ஏற ஆள் தப்பும்.”

நான் கையிலிருந்த தாள்களை அப்படியே கீழே வைத்தேன்.

கடிபட்டவர் வந்தவுடன் அம்மப்பா வேப்பிலை கொடுத்துச் சப்பச் சொல்வாராம். கசக்கிறதா என்று கேட்பார். விசம் ஏறியிருந்தால் கசப்புத் தெரியாது. மருந்து கொடுத்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் இலை கொடுத்துக்கொண்டே இருப்பார். “கசக்குது” என்று ஆள் சொன்னால் ஒரு கொட்டை. இராத்திரி முழுவதும் கேட்பார். முறை மாறி நித்திரை கொள்ளும் வீட்டுக்காரர் விடியக் கண்விழித்ததும் அந்த வரிசையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

“கசக்கேல்லை எண்டு சொன்னால்?”

“கொட்டை வைக்கிறேல்லை. ட்ரக்டரைப் பிடிச்சு வவுனியா ஆசுப்பத்திரிக்கு அனுப்பிப்போடுவார். உம்மடை அம்மப்பாவுக்குத் தன்ரை எல்லை தெரியும்.”

வவுனியாவிலும் இப்படித்தான் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள். விரியன் விசம் ஏறிய இரத்தம் உறையாது. அங்கேயும் அந்த 20 நிமிடம் வீட்டுக்காரர் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழு வேகம் எழுதிய தாள் என் சட்டைப் பைக்குள் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. கிழவர் இப்போது கடதாசிகளுக்குக் கிட்ட வந்து குந்திவிட்டார். ஏறின விசத்தை எடுக்க உதில் ஒன்றும் இல்லையா என்று மருமகனைக் கேட்டார். என் போனில் அட்டைத் தாளை எடுத்துக் காட்டினான். அவனுக்கு வந்த தமிழில் விதியை விளக்கினான்: அட்டை எல்லாப் பொய்சனையும் எடுக்கும், ஆனால் எடுக்கிற அளவுக்கு உயிரும் போகும். பத்துக்கு ஒன்று குறைய, ஒன்பது ஏறியிருந்தால் ஒன்பது உயிர்.

கிழவர் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அது சரி. சும்மா எடுக்கேலாது. ரத்தமும் போகத்தான் செய்யும். உடம்பிலை பலம் இல்லாத ஆளுக்கு அட்டை விடப்பிடாது எண்டு உன்ரை பூட்டன் சொல்லுவார்.” போனைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டார்: “உதைச் செய்தவை ஆர்?”

கைல் நம்வார், ஸ்கொட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இரண்டு பேர் அந்தத் தொகுப்பை உருவாக்கியவர்கள் என்று சொன்னேன். அவர் அந்தப் பெயர்களை மருமகனின் வாயால் இரண்டு தரம் சொல்ல வைத்துக் கேட்டார்.

“அவை ஆரிட்டைப் படிச்சவை?”

மருமகன் என் முகத்தைப் பார்த்தான்.