சரக்கு இறங்கும் ஊர் எது?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். சரக்கு தயாராகும் இடம் ஒன்று, போய் இறங்கும் இடம் வேறு. டெபியன் லினக்ஸுக்கு பேக்கேஜ் கட்டுகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

டெபியனில் டிபிகேஜி-ஆர்க்கிடெக்சர் என்று ஒரு கருவி உண்டு. அது மூன்று வகை வேரியபிள்களைத் தரும். 'பில்ட்' என்பது பேக்கேஜைக் கட்டும் கணினி. 'ஹோஸ்ட்' என்பது கட்டி முடித்த மென்பொருள் ஓடப்போகும் கணினி. 'டார்கெட்' கம்பைலர் மாதிரியான சமாச்சாரங்களுக்கு மட்டும். மற்றவர்கள் அதை மறந்துவிடலாம். ஹோஸ்ட் என்று பெயர் வைத்த புண்ணியவானைத்தான் தேட வேண்டும். சமையல் நடக்கிற வீடுதான் ஹோஸ்ட் என்றல்லவா யாருக்கும் தோன்றும்!

கொடுமை என்னவென்றால், மாற்றி எடுத்தாலும் சொந்தக் கணினியில் ஒன்றும் தெரியாது. கட்டுவதும் ஓடுவதும் ஒரே பொட்டியில் என்றால் பில்டும் ஹோஸ்டும் ஒன்றுதானே. இன்டெல் பொட்டியில் உட்கார்ந்து ஏஆர்எம் சில்லுக்குக் கட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். இந்த வம்பே வேண்டாம் என்று 'யுநேம் -எம்' போட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கெர்னலைக் கேட்டுச் சொல்வது. 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் சூழலை வைத்துக் கட்டினால், தனியாகச் சொல்லி வைக்காதவரை 64 என்றே சாதிக்கும்.

சரி, ஹோஸ்டைத்தான் எடுத்தாயிற்று. அப்போதும் பெயரை அப்படியே நம்பிவிட முடியாது. 'ஏஆர்எம்எச்எஃப்' என்ற பெயரையே பாருங்கள். டெபியன் இதை 2013-ல் வீசி பதிப்பில் சேர்த்தது. ஓட ஏஆர்எம்வி7 சில்லு வேண்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று 2012-ல் 35 டாலருக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பையில் இருந்தது ஏஆர்எம்வி6. அதற்காக ராஸ்பியன்காரர்கள் டெபியன் பேக்கேஜ்களையெல்லாம் மறுபடி கட்டினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை!

ஆகவே டெபியனின் பேக்கேஜை அந்தப் பழைய பையில் போட்டால் சமர்த்தாக ஏறிக்கொள்ளும். ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று செத்து விழும். பெயர் பொருந்துகிறபோது டிபிகேஜி எதைச் சொல்லித் தடுக்கும்? டெபியனின் க்ராஸ் கம்பைலரும் சும்மா விட்டால் ஏஆர்எம்வி7-க்குத்தான் கட்டும். பழைய பை வைத்திருக்கிறவர்களுக்கும் போய்ச்சேர வேண்டிய பேக்கேஜ் என்றால், ராஸ்பியன் சூழலுக்குள்ளேயே கட்டிவிடுவது உத்தமம்.