பரீட்சை முடிந்தால் ஏரிக்கரை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கிறது பர்லிங்டன் நகரம். அங்குள்ள பல்கலைக்கழகம் 1791-இல் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில், இறுதித் தேர்வு நேரத்தில், அதன் ஹவ் நூலகத்துக்குள் போனேன். நாற்காலிகளில் போர்வைகள், மேசைகளில் ஆறிப்போன காபி, புத்தகத்தின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். பரீட்சை பயத்துக்கு தேச வித்தியாசம் கிடையாது போலும்.

நண்பரின் மகள் அங்கே உயிரியல் படிக்கிறாள். அவள் நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் செல் பிரிவதன் படம். ஓரத்தில் பாட்டுகளின் பட்டியல்.

"இதுவும் பரீட்சைக்கு வருமா?"

"இல்ல அங்கிள், அது கேம்ப்புக்கு. முதல் ராத்திரி நெருப்பைச் சுத்தி உக்காந்து பாடணும். வரிசை மாறக்கூடாது."

கோடைக்கால கேம்ப் என்பதை நான் நீச்சல் வகுப்பு போல ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். அது பிள்ளைகள் வீட்டைவிட்டு வந்து இயற்கையின் நடுவே தங்கும் இடம்; அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1861-இல் ஃப்ரெடரிக் கன் என்ற கனெக்டிகட் பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடத்தியே கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரம் போட்டார். முதல் கேம்ப் என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 1885-இல் தொடங்கிய டட்லி கேம்ப் இந்த ஷாம்ப்ளேன் ஏரியின் எதிர்க்கரையில் இன்றும் நடக்கிறது. கேம்ப்புகள் தோன்றியது நகரங்கள் பெருத்த காலத்தில். பிள்ளைகள் மண்ணையும் மரத்தையும் மறந்துவிடுவார்களே என்ற கவலை பெற்றோருக்கு.

கடைசித் தேர்வு முடிந்ததும் அவள் தூங்கப் போகவில்லை, காரை எடுத்தாள். ஷார்லட் துறையில் காரோடு படகில் ஏறி எதிர்க்கரையான எஸ்ஸெக்ஸில் இறங்கினோம். அது நியூயார்க் மாநிலம். அடிரோண்டாக் மலைகளுக்குள் ஒரு சின்ன ஏரி. சிறுமியாக அவள் வந்து தங்கிய கேம்ப் அங்கேதான் இருக்கிறது. இந்த வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் வேலை அவளுக்கு.

ஆள் அரவமே இல்லை. குளிர்காலப் பனிக்கட்டி நொறுக்கிவிடும் என்பதால் படகுத்துறைப் பலகைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கியிருந்தார்கள். கறுப்பு ஈக்கள் காதோரம் மொய்த்துக் கடித்தன. மரக்குடிலுக்குள் அண்ணாந்து பார்த்தால் உத்தரம் முழுக்கப் பெயர்கள்; பக்கத்தில் வருடங்கள். 1958-இல் ஒருத்தி, 1983-இல் ஒருத்தி. தன் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

ஜூன் கடைசியில் பிள்ளைகள் வருவார்கள். கைப்பேசி கிடையாது. ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு டிக்கெட், வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதம். விடிகாலையில் ஜில்லென்ற ஏரியில் முங்க வேண்டும். நடுவில் ஒருநாள் கேம்ப் முழுவதும் இரண்டு நிற அணிகளாகப் பிரிந்து விளையாட்டில் மோதும். அது எந்த நாள் என்பது பரம ரகசியம். கடைசி இரவில் மரத்துண்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஏரியில் விடுவார்கள். அது ஆகஸ்ட் மாதம். ஏறக்குறைய அதே சமயத்தில், ஆடிப்பெருக்கன்று, காவிரியில் விளக்கு மிதக்கும் என்றேன். "நிஜமாவா?" என்று நின்றுவிட்டாள்.

என்னை வியக்கவைத்தது வேறொன்று. நம் ஊர்த் திருவிழாவில் எது முதலில், எது பிறகு என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே பத்தொன்பது வயதுப் பெண்தான் ஊர்ப் பெரியவள். பதினைந்து வயதுக்காரி பத்து வயதுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து வருடத்துக்கு ஒரு தலைமுறை. அப்படியே கைமாறி வருகிறது சடங்கு. எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. மாறிவரும் எல்லாவற்றையும் கொண்டாடும் தேசத்தில், ஒரு பாட்டு கூட இடம் மாறக்கூடாது என்று அடம்பிடிப்பவர்கள் இளையவர்களே.

திரும்பும்போது தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "ஏதோ எழுதினேன், அங்கிள்" என்றாள். பிறகு, மூன்றாவது பாட்டை மாற்றலாமா என்று கேட்ட தோழியோடு, படகு கரை சேரும்வரை கைப்பேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.