அரை நிமிடம் முன்னால்

முதல் வாரம் நான் ஓட்டிய கப்பல்களில் ஒன்றுகூட ஐந்து நிமிடத்துக்கு மேல் மிதக்கவில்லை. ஓர் ஆட்டம் 20 நிமிடம் வரை போகும். மூழ்கிய பிறகு மற்றவர்கள் போரிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நாற்காலியில் அக்கா மகன் இருப்பான், கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருப்பவன். ஆபத்து வரும்போதெல்லாம் அவன் கை என்னைத் தாண்டி வந்து கீபோர்டில் ஏதாவது ஒரு எழுத்தை அழுத்தும். "சித்தி, திருப்புங்க, திருப்புங்க!" என்பான். நான் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த ஆட்டத்துக்குள் என்னை இழுத்தது ஒரு கல்வெட்டு. எனக்கு வேலை பாரிமுனையில். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டைப் பல வருடங்களாகக் கடந்து போயிருக்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனதன் நினைவு அது. பயங்கரமான ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கமும் அந்த இரவு நமக்குத் தந்ததுதான். ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "அந்த எம்டனை நீங்களே ஓட்டலாம் சித்தி. நான் ஆடுற கேம்ல இருக்கு" என்றான்.

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' அந்த ஆட்டத்தின் பெயர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் லெஸ்டா ஸ்டூடியோ உருவாக்கியது, 2015-இல் வெளியானது. இரண்டு உலகப் போர்களையும் ஒட்டிய காலத்துக் கப்பல்கள்தான் இதில் அதிகம். பக்கத்துக்கு 12 பேர் வரை இரண்டு டீமாகப் பிரிந்து மோதுவார்கள். வேகமும் மறைவும் கொண்ட சின்னக் கப்பல் டெஸ்ட்ராயர். நடுத்தரம் குரூஸர். கனத்த கவசமும் பெரிய பீரங்கியும் உள்ளது பேட்டில்ஷிப். விமானந்தாங்கியும் நீர்மூழ்கியும்கூட உண்டு, ஆனால் "முதல்ல இந்த மூணையும் கத்துக்கோங்க, மத்ததைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டான். நானும் தொடவில்லை.

ஏழாவது நாள் தோற்று எழுந்தபோது அவன் ஒரு நிபந்தனை வைத்தான். மூன்று நாள் நான் மவுஸைத் தொடக்கூடாது. அவன் ஆடுவான். நான் திரையின் மூலையில் இருக்கும் மினிமேப்பை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்து மூழ்கப்போகிற கப்பல் எது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சில புள்ளிகள் கண்ணில் தங்க ஆரம்பித்தன. தனியாக ஓரத்தில் போகிற கப்பல். கூட வந்த இரண்டு பேரும் திரும்பிவிட்டதைக் கவனிக்காமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கிற கப்பல். வெளியே வர ஒரே வழியுள்ள தீவு இடுக்குக்குள் நுழைகிற கப்பல். மூன்றாம் நாள் "இது போயிடும்டா" என்று நான் விரல் வைத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் போயின. அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஒரு கப்பல் மூழ்குவது கடைசிக் குண்டு விழும்போது அல்ல. அதற்கு ஒரு நிமிடம் முன்னால், தப்பும் வழியை அது விட்டுவிட்டு வந்த இடத்திலேயே மூழ்கத் தொடங்கிவிடுகிறது.

"இந்த கேம்ல எல்லாமே லேட்டாதான் நடக்கும் சித்தி" என்றான். "நீங்க இப்ப என்ன நடக்குதுன்னு பார்க்குறீங்க. அரை நிமிஷம் கழிச்சு என்ன நடக்கும்னு பாருங்க."

அதற்குப் பிறகு அவன் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றும் இந்த ஒரே பாடத்தின் கிளை என்றுதான் எனக்குத் தோன்றியது.

மனித எதிராளி இல்லாமல் கணினி ஓட்டும் கப்பல்களோடு மோதும் 'கோ-ஆப்' ஆட்டங்களில் என்னைப் பழக்கினான். சிறிய கப்பல்களில் ஆரம்பித்து, படிப்படியாக ஐந்தாம் நிலைக்கு வந்து, ஜப்பானின் கோங்கோவைப் பெற்றேன். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1913-இல் முடித்துக் கொடுத்த நிஜக் கப்பல் அது. 14 அங்குலப் பீரங்கிகள் எட்டு. ஒருமுறை சுட்டால் மறுபடி குண்டு நிரம்ப ஏறக்குறைய அரை நிமிடம். பீரங்கிக் கூண்டுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவதோ அதைவிட மெதுவாக. கோங்கோவை ஓட்டுகிறவர் அவசரப்படவே முடியாது.

குண்டு தூரத்துக் கப்பலைப் போய்ச் சேர எட்டு வினாடி, பத்து வினாடி ஆகும். அதற்குள் அந்தக் கப்பல் தன் நீளத்துக்கு மேலேயே நகர்ந்துவிடும். கப்பலைக் குறிபார்த்தால் குண்டு அதன் பின்னால் தண்ணீரில் விழும். அது போகப்போகிற இடத்தைக் குறிபார்க்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதைச் சூத்திரமாக அவன் சொல்லித்தரவில்லை. "முதல் ரவுண்டு எங்க விழுதுன்னு பாருங்க. பின்னால விழுந்தா இன்னும் முன்னால வைங்க" என்றான், அவ்வளவுதான். புகைபோக்கியிலிருந்து வரும் புகை வேகத்தைச் சொன்னது. மூக்கு எந்தப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது என்பது அடுத்த பத்து வினாடியைச் சொன்னது.

குண்டில் இரண்டு வகை. ஏபி கவசத்தைத் துளைத்து உள்ளே போய் வெடிப்பது. எச்இ மேலே வெடித்துத் தீ வைப்பது. எதிரி முழு விலாவைக் காட்டினால் ஏபி. அது நீர்மட்டத்தை ஒட்டி இயந்திரமும் வெடிமருந்தும் இருக்கும் பகுதியை எட்டிவிட்டால் ஒரே வீச்சில் பாதி உயிர் போய்விடும். அந்தப் பகுதியைச் சிட்டடல் என்கிறார்கள். மூக்கைச் சாய்த்து வருகிற கப்பல் மீது ஏபி பட்டால் வழுக்கித் தெறித்துவிடும். அதற்கு எச்இ. இந்த விதியை மாற்றிப் போட்டுப் பார்த்தபோதுதான் என் கப்பல்கள் முதல் வாரத்தில் ஏன் அப்படி மூழ்கின என்று விளங்கியது. எல்லாப் பீரங்கிகளையும் ஒருசேரச் சுடும் ஆசையில் ஒவ்வொரு முறையும் முழு விலாவைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"விலாவைக் காட்டாதீங்க" என்பது அவன் அதிகம் சொன்ன வாக்கியம். காட்டாமல் இருப்பதைவிடக் கடினம், திரும்பும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. எந்தக் கப்பலும் திரும்பும்போது கொஞ்ச நேரம் விலாவைக் காட்டியே ஆக வேண்டும். எதிரி சுட்டு முடித்து, அவன் பீரங்கி காலியாக இருக்கும் அரை நிமிடத்தில் திரும்பு. அல்லது தீவின் நிழலுக்குள் போய்த் திரும்பு. சுக்கான் முழுதாக வளைய வினாடிகள் ஆகும், அதற்குப் பிறகுதான் கப்பல் வளையத் தொடங்கும். ஆகவே 'இனித் திரும்பலாம்' என்று தோன்றும் கணம், திரும்பியிருக்க வேண்டிய கணத்துக்குப் பிந்தியதுதான்.

அடுத்த பாடம் கண்ணுக்குப் படுவது பற்றியது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு தூரம் உண்டு, அதற்கு உள்ளே வந்தால்தான் எதிரிக்குத் தெரியும். டெஸ்ட்ராயருக்கு அது ஆறு, ஏழு கிலோமீட்டர். பேட்டில்ஷிப்புக்கு அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும். எதிர் டீமில் ஒருவர் பார்த்துவிட்டால் அனைவருக்கும் தெரிந்துவிடும், நம் திரையில் ஒரு ஆச்சரியக்குறி எரியும். பீரங்கியைச் சுட்டால் 20 வினாடிக்கு நாம் வெகுதூரம் வரை தெரிவோம். ஆச்சரியக்குறி எரியும்போது நான் இன்னும் வேகமாகச் சுடுவேன். அவன் எதிரிடையாகச் சொன்னான். "அடி அதிகமா வாங்குறீங்கன்னா சுடுறதை நிறுத்துங்க. திரும்பிப் போங்க. 20 செகண்ட் எண்ணுங்க. குறி அணைஞ்சதும் உடம்பை ரிப்பேர் பண்ணிட்டு வாங்க." முதல் முறை அப்படிச் செய்து, எதிரிகளின் குண்டுகள் என்னை விட்டு வேறு பக்கம் போனதைப் பார்த்தபோது, பின்வாங்குவதும் ஒரு தாக்குதல் உத்தி என்று உடம்போடு புரிந்தது.

ஒரு தீ பிடித்ததுமே ஆர் எழுத்தை அழுத்தி அணைத்துவிடும் பழக்கமும் எனக்கு இருந்தது. அவன் கையே பலமுறை என் விரலைத் தட்டிவிட்டது. பழுது நீக்கும் குழுவை ஒருமுறை அழைத்தால் மறுபடி வர நேரம் எடுக்கும். அதற்குள் இரண்டாவது, மூன்றாவது தீ பிடித்தாலும் டார்பிடோ அடித்துத் தண்ணீர் புகுந்தாலும் காப்பாற்ற யாரும் இல்லை. ஒரு தீயை எரிய விடலாம். அதன் இழப்பில் பெரும்பகுதியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சின்ன வலியைப் பொறுத்து, பெரிய ஆபத்துக்காகக் கைமருந்தை வைத்துக்கொள்வது.

டீமோடு ஆடுவதுதான் எனக்கு மெதுவாக வந்தது. ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து, இரண்டு பேராவது இருக்கும் பக்கம் போக வேண்டும். டெஸ்ட்ராயர்தான் டீமின் கண். அது போய்விட்டால் பின்னால் இருக்கும் பேட்டில்ஷிப்புகளுக்கு எதிரி தெரியவே மாட்டான். அதனால் நம் டெஸ்ட்ராயரை விரட்டுகிறவனைச் சுடுவது, உயிர் நிறைந்த பெரிய கப்பலைச் சுடுவதைவிட மேல். வரைபடத்தில் இருக்கும் வட்டங்களைப் பிடித்தால் புள்ளி ஏறும். 1000 எட்டினால் வெற்றி. எத்தனை கப்பலை மூழ்கடித்தோம் என்று ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது நிமிடத்திலும் மிதந்துகொண்டிருக்கிற ஒரு கப்பல், சுடாவிட்டால்கூட, எதிரி இரண்டு பேரைத் தன் பக்கம் கட்டிப்போட்டு வைக்கிறது என்பதை எண்ணத் தெரியவில்லை.

எம்டனையும் ஒருநாள் ஓட்டினேன். ஓட்டி முடித்து அதன் கடைசி நாளைப் படித்தேன். 1914 நவம்பர் 9, கோக்கோஸ் தீவுகள். அங்கிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் ஆட்களில் ஐம்பது பேரைக் கரைக்கு அனுப்பினார். நிலையத்தில் இருந்தவர்கள் அதற்குள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூஸர் அருகிலேயே இருந்தது. தொடுவானில் புகை தெரிந்தபோது, அது தங்களுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் என்று எம்டனில் இருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது கரைக்குப் போனவர்களை ஏற்றிக்கொள்ள நேரமில்லை. எம்டனின் பீரங்கிகள் 10.5 சென்டிமீட்டர், சிட்னியுடையவை 6 அங்குலம். சிதைந்த கப்பலை முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். சென்னையில் இருட்டிலிருந்து வந்து, சுட்டு, உடனே விலகிப்போன அதே தேர்ந்த மனிதர். நின்ற இடத்தில் சற்றுக் கூடுதலாக நின்ற ஒரே ஒரு காலையில், புகையைப் படிக்கும் நேரம் பிந்திவிட்டது. அன்று மடிந்தவர்கள் நிஜ மனிதர்கள் என்பதால், கல்வெட்டைக் கடக்கும்போது இப்போது என் நடை கொஞ்சம் நிதானமாகிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கோங்கோவில் இருந்தேன். ஆட்டத்தின் பன்னிரண்டாவது நிமிடம். இடது பக்கத் தீவின் அருகே எதிரி டெஸ்ட்ராயர் ஒன்று தெரிந்து, மறைந்தது. எனக்கு நேரே 13 கிலோமீட்டரில் ஒரு குரூஸர் விலாவைக் காட்டிக்கொண்டிருந்தது. பீரங்கிகள் நிரம்பியிருந்தன. சுட்டேன். குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போதே என் கண் மினிமேப்புக்குப் போனது. அந்த டெஸ்ட்ராயர் காணாமல் போய் இருபது வினாடி. அது சும்மா போயிருக்காது. நான் இதே பாதையில் இதே வேகத்தில் போனால் இன்னும் அரை நிமிடத்தில் எங்கே இருப்பேனோ, அந்த இடத்துக்குத்தான் டார்பிடோவை விட்டிருக்கும்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் கடல். சுக்கானை முழுக்க இடது பக்கம் திருப்பி, மூக்கை அந்தத் தீவை நோக்கி வைத்தேன். கப்பல் மெதுவாக, மிக மெதுவாக வளைந்தது. வளைந்து முடியும் நேரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. தண்ணீரில் வெள்ளைக் கோடுகள், இரண்டு இடப்புறம், ஒன்று வலப்புறம், கப்பலுக்கு இணையாக வழுக்கிக்கொண்டு பின்னால் போயின.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். அவன் கை வழக்கம்போல் கீபோர்டை நோக்கி நீண்டிருந்தது. பாதி வழியில் நின்று, திரும்பித் தன் மடிக்குப் போனது.

"குண்டு நிரம்பிடுச்சு சித்தி" என்றான் மெதுவாக. "எனக்குத் தெரியும்டா" என்றேன்.