கொடைக்கானல் வீட்டு இசைத்தட்டுகளை யார் கையில் கொடுப்பது?

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இசைத்தட்டுக்கு முதல் எதிரி ஈரம்தான். பழனி மலையில் மூடுபனி இறங்கினால் அட்டை உறை நமுத்துப்போகும்; தட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் பெட்டியோடு வந்த விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வாங்க வருபவர்களில் நல்ல ஆளை அடையாளம் காணலாம். தட்டின் ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பார். ஒன்றிரண்டையாவது ஓடவிட்டுக் கேட்ட பிறகே விலை பேசுவார். வாசலிலேயே "மொத்தமா எவ்வளவு?" என்பவரை அனுப்பிவிடலாம். 78 சுழற்சி அரக்குத் தட்டு என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: கை தவறினால் சில்லுசில்லாகிவிடும். மலைப்பாதையில் இறக்கும்போது படுக்கவைக்காமல் நிறுத்தித்தான் அடுக்க வேண்டும்.

விலையைவிட முக்கியம், தொகுப்பு சிதறாமல் இருப்பது.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்த பின், அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கடல் கடந்து கொண்டுபோகவில்லை; 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. வாங்குபவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டில் ஏது?

விற்பதற்கு முன் பாடகர், நிறுவனம், தட்டு எண் எல்லாம் எழுதி ஒரு பட்டியல் போட்டுவிட்டால், அருமையான நாலு தட்டை மட்டும் சத்தமில்லாமல் பொறுக்கிப் போக முடியாது. பட்டியலின் ஒரு நகல் விற்பவரிடமே இருக்கட்டும்.