கருவிமொழி எது?

ஒரு மொழியைப் படைப்பதற்கும் மற்றொரு மொழி வேண்டும். கணினி உலகில் இஃது அணிநயம் அன்று, நடைமுறை உண்மை. புதிய நிரல்மொழியை எந்திரக் கட்டளைகளாகப் பெயர்த்துத் தரும் தொகுப்பியும் ஒரு நிரலே. அந்நிரலை எம்மொழியில் எழுதுவது?

கிள்ளானில் என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவன் ஒருவன் இவ்வினாவோடு வந்தான். தமிழ்ச் சொற்களால் அமையும் நிரல்மொழி ஒன்றுக்குத் தொகுப்பி எழுத முனைந்திருந்தான். பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் அமர்ந்து, “சீ மொழியா, ஓகேமலா, பைத்தானா, ஐயா?” என்றான். பணி முடிந்த மாலைகளே அவனுக்குள்ள முதல். தேர்வு பிழைத்தால் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

நிரல் எழுதும் பயிற்சி எனக்கில்லை. ஆயினும் அவன் விளக்கியபோது இலக்கண வகுப்பே நினைவுக்கு வந்தது. அவன் மொழியில் ஒரு பெயர் எண்ணையும் குறிக்கலாம், எழுத்துத்தொடரையும் குறிக்கலாம், முன்னறிவிப்பு வேண்டுவதில்லை. அப்பெயர் வழங்கும் இடங்களைக் கொண்டு தொகுப்பியே அதன் வகையை உய்த்துணர வேண்டும். ‘மாடு’ என்னும் பால்பகா அஃறிணைப் பெயர் ஒருமையா, பன்மையா என்பதை ‘வந்தது’, ‘வந்தன’ என்னும் வினைமுற்றுகள் உணர்த்துகின்றன அன்றோ? ‘அவன் வந்தாள்’ என்பது பால்வழு. எண்ணோடு எழுத்துத்தொடரைக் கூட்டுவது வகைவழு. வகை துணியப்பட்ட இடத்தில் நேரடிக் கட்டளை அமையும். துணியப்படாத இடத்தில், நிரல் ஓடும்போதெல்லாம் சோதிக்க நேரும்.

சீ மொழி விரைவானது. ஆனால், நினைவகத்தை எழுதுபவரே பேண வேண்டும். ஓகேமல், 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் முதலியோர் ஆக்கிய எம்.எல். மொழியின் வழித்தோன்றல். வகையை உய்த்துணரும் நெறியை மில்னர் 1978இல் விளக்கினார். நாம் கருதாமல் விட்ட கூறுகளை ஓகேமல் சுட்டி எச்சரிக்கும். ரஸ்ட் மொழியின் முதல் தொகுப்பி அதில்தான் எழுதப்பட்டது. பைத்தானோ இளைஞர் பலரும் அறிந்தது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி பைத்தான்மீதே அமைந்தது.

“பைத்தான் மெதுவானது என்பார்களே?” என்றேன்.

“எழில், நிரலை அவ்வப்போது படித்து நிறைவேற்றுவது, அங்கே அடிமொழியின் வேகம் நிரலையும் பாதிக்கும். தொகுப்பியோ கட்டளைகளை ஆக்கித் தந்து விலகிவிடும். சிற்பி மெல்லச் செதுக்கினால் சிலைக்கு என்ன குறை, ஐயா?”

எனக்கு ஒரு வினாவே எஞ்சியது: “உனக்குப் பின் இதைத் திருத்துவோர் யார்?”

1985இல் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் நிலைத்தது, கணினிகள் மாற மாற அதுவும் புதுப்பிக்கப்பட்டு வந்ததனால் அன்றோ? இதை எடுத்துரைத்தேன். அவன் நெடுநேரம் எண்ணினான். உள்ளம் நாடியது ஓகேமலை. உதவ முன்வந்த நண்பர் இருவரும் அறிந்ததோ பைத்தான் ஒன்றே. இறுதியில் பைத்தானையே தேர்ந்தான். ஓகேமல் தரும் காவலை இழப்பதற்கு ஈடாக, ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனை நிரல் எழுதுவதென உறுதிகொண்டான்.

அவன் முடிவு எனக்கு உடன்பாடே. கருவியின் கூர்மை பெரிது. அதை ஏந்த மற்றொரு கை இருப்பது அதனினும் பெரிது. நன்னூல் இன்றும் வாழ்வது பவணந்தியாரின் புலமையால் மட்டுமா? அதற்கு உரை கண்டவர்களாலும், வகுப்பறைதோறும் அதைக் கற்பித்து வந்தவர்களாலும் அன்றோ? கணினிமொழிக்கும் அத்தகைய வழிவழி மாணாக்கர் வேண்டும்.