கான் அல்-கலீலியில் உம்மாவுடன்

2019-ஆம் ஆண்டு உம்ராவை நிறைவேற்றிய பின், உம்மாவுடன் கெய்ரோவில் இரண்டு நாள்கள் தங்கும் பேறு கிட்டியது. 10-ஆம் நூற்றாண்டில் எழுந்த அல்-அஸ்ஹர் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டுச் சாலையைக் கடந்தோம். இமாம் ஹுசைன் பள்ளிவாசலை அடுத்து விரிகிறது கான் அல்-கலீலி. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மம்லூக் அமீர் ஜஹார்கஸ் அல்-கலீலி கட்டிய வணிகர் சத்திரமே இக்கடைவீதிக்குப் பெயர் தந்தது. 1511-இல் சுல்தான் அல்-கூரி எழுப்பிய வாயில் இன்றும் நிற்கிறது.

செம்புத் தட்டுகள், வண்ணக் கண்ணாடி விளக்குகள், அத்தர்க் குப்பிகள் எனக் கண்கள் அலைந்தன. உம்மாவின் பார்வையோ ஒரு தஸ்பீஹ் மணியில் நிலைத்தது. பயணம் செய்ய இயலாத வாப்பாவுக்காக!

முதியவரான கடைக்காரர் 300 பவுண்டு என்றார். இருபதாண்டுகளாக அரபி இலக்கணம் கற்பிக்கும் என் ஏட்டு அரபியைக் கேட்டுப் புன்னகைத்தார். அவருடைய பேச்சுவழக்கு எனக்குப் பிடிபடவில்லை. உம்மா விரல்களாலேயே பேசி 180-க்குக் கொண்டுவந்தார்கள். முதியவரின் புன்னகை மறைந்தது.

"இன்னும் குறைக்கலாம் உம்மா" என்றேன்.

"போதும் தம்பி. அவர் முகத்தைப் பார். விலை பேசுவது வேறு, வயிற்றில் அடிப்பது வேறு."

200 பவுண்டைக் கொடுத்து, மீதியை வாங்க மறுத்துவிட்டார்கள். முதியவர் கையுயர்த்தி துஆச் செய்தார்.

விற்பதிலும் வாங்குவதிலும் பெருந்தன்மை காட்டுவோருக்கு நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டிய ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அதன் பொருளை எழுத்தறியாத உம்மாவிடம் அன்றுதான் கற்றேன்.

வாப்பா மறையும் நாள்வரை அந்தத் தஸ்பீஹ் அவர்கள் கையில் இருந்தது.